என்ன சுருதி?

பாட்டு வகுப்பு நின்றபோது எனக்கு வயது 13. வகுப்பில் பெண்கள் பதினோரு பேர், பையன்கள் இரண்டு பேர். சுருதிப்பெட்டி எப்போதும் 5½ கட்டையில்தான் இருக்கும். 12 வயது வரை நானும் அந்தச் சுருதியில் சிரமமில்லாமல் பாடிக்கொண்டிருந்தேன். அப்புறம் மகரக்கட்டு உடைந்தது, அதாவது பையன் குரல் ஆண் குரலாக மாறத் தொடங்கியது. மேல் ஷட்ஜத்தை ('ஸ') எட்டிப் பிடித்தால் குரல் கீச்சென்று கிழிந்தது. "குரல் போயிடுச்சுப்பா, ரெண்டு வருஷம் கழிச்சு வா" என்று அனுப்பிவிட்டார்கள். ரெண்டு வருஷம் எட்டு வருஷமாயிற்று. கல்லூரி விடுதியில் ஒரு நண்பன் தன் போனில் தம்புராவை 1 கட்டையில் ஓடவிட்டு, "இதுல பாடிப் பாரு" என்றான். பழைய வர்ணம் ஒன்று முழுசாக வந்தது. போய்விட்டதாகச் சொன்ன குரல் நாலைந்து கட்டை கீழே இறங்கி அங்கேயே உட்கார்ந்திருந்தது. அந்த எட்டு வருஷத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஒரே பாட்டை வேறு வேறு தொண்டைக்கு ஏற்ப ஏற்றியும் இறக்கியும் பாடுவது இசையில் மிகப் பழைய வேலை. கர்நாடக இசையில் அது சுலபமான வேலையும்கூட. பாட்டை மாற்றியே எழுத வேண்டாம். பாட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற வாத்தியங்களையும் பழக்கங்களையும் நகர்த்துவதுதான் கடினம்.

முதலில் கட்டை. ஹார்மோனியத்தின் மரக்கட்டைதான் அது. மேற்கத்தியர் 'ஸி' என்று சொல்லும் வெள்ளைக் கட்டை நமக்கு 1. அங்கிருந்து வெள்ளைக் கட்டைகள் வரிசையாக 2, 3, 4 என்று 7 வரை போகும். நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½. 3-க்கும் 4-க்கும் இடையில் கறுப்பு கிடையாது. அதனால் 3½ கட்டை என்று ஒன்று இல்லை. ஏழரைக் கட்டையும் அப்படித்தான், பேச்சில் மட்டும் இருக்கிறது. 'எட்டுக் கட்டைக் குரல்' என்று வியந்து சொல்வோமே, அந்த 8 என்பது 1 கட்டையே ஒரு ஸ்தாயி (ஏழு சுரம் கொண்ட ஒரு சுற்று) மேலே. பாடகர் 'நான் 2 கட்டை' என்றால், அவருடைய ஷட்ஜம் அந்த இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஆண்கள் பெரும்பாலும் 1-லிருந்து 2½-க்குள் பாடுகிறார்கள், பெண்கள் 4½-லிருந்து 6-க்குள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆணின் 1 கட்டை ஷட்ஜம் நொடிக்கு ஏறக்குறைய 131 அதிர்வு. பெண்ணின் 5 கட்டை ஷட்ஜம் 196. ஒன்றுக்கு ஒன்றரை. அதாவது ஆணின் பஞ்சமம் ('ப') எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெண்ணின் ஷட்ஜம் தொடங்குகிறது. பழந்தமிழ் இசையில் முதல் சுரத்துக்குக் குரல் என்றும் ஐந்தாம் சுரத்துக்கு இளி என்றும் பெயர். அவனுடைய இளி அவளுடைய குரல். இதை முதன்முதலில் உணர்ந்த அன்று தம்புராவின் பஞ்சமத் தந்தியை வெகு நேரம் மீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம்முடைய ஸ ரி க ம எதற்கும் நிலையான உயரம் கிடையாது. ஏணியில் எத்தனையாவது படி என்று மட்டும்தான் அது சொல்கிறது. ஏணியை எந்தத் தரையில் நிறுத்தினாலும் மூன்றாவது படி மூன்றாவது படிதான். ஆகவே 1 கட்டைக்காரரும் 5½ கட்டைக்காரரும் ஒரே சுரப் புத்தகத்தைப் பார்த்துப் பாடலாம். ஐரோப்பிய சங்கீதத்தில் ஐந்து கோட்டின் மேல் எழுதிய சுரத்துக்கு நிச்சயமான உயரம் உண்டு. பாட்டை இறக்க வேண்டுமானால் ஒவ்வொரு சுரத்தையும் புதிதாக எழுதி அச்சடிக்க வேண்டும். ஷூபர்ட் 1827-இல் இயற்றிய 'குளிர்காலப் பயணம்' என்ற பாடல் வரிசை உயர்ந்த ஆண் குரலுக்காக எழுதப்பட்டது. அதை நடுத்தர ஆண் குரல்காரர்கள் இறக்கிப் பாடுகிறார்கள். அவர்களுக்காக உயர் குரல், நடுக் குரல், தாழ் குரல் என்று தனித்தனிப் புத்தகங்களே விற்கின்றன. பியானோ வாசிப்பவர் தன் பகுதியை வேறு விரல்களில் புதிதாகப் பழக வேண்டும்.

சுருதியை மாற்றினால் ராகம் மாறிவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. ஏணி முழுவதையும் தூக்கி வைத்தால் மாறாது. ஏணியை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டாவது படியை 'இனிமேல் இதுதான் ஷட்ஜம்' என்று வைத்துக்கொண்டால் மாறும். மோகன ராகத்தின் ரிஷபத்தை ('ரி') ஷட்ஜமாக்கினால் மத்தியமாவதி ராகம் வரும், காந்தாரத்தை ('க') ஆக்கினால் ஹிந்தோளம். அதற்குக் கிரக பேதம் என்று பெயர். அது வேறு கலை.

பாடுகிறவர் மாறாமலேயே சுருதியை ஏற்றுகிற வழக்கம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, குறிஞ்சி போன்ற ராகங்கள் மேல் ஷட்ஜத்தைத் தொடுவதே இல்லை. வழக்கமான சுருதியில் பாடினால் குரலின் மேல் பாதி சும்மா கிடக்கும், பாட்டு மங்கிப்போகும். அதனால் பாடகர் தன் மத்தியமத்தை ('ம') ஷட்ஜமாக வைத்துக்கொள்கிறார். தம்புராவின் பஞ்சமத் தந்தியை மத்தியமத்துக்கு இறக்கிவிட்டால் போதும். மத்தியம சுருதி என்பது இதுதான். பாட்டின் வீச்சைப் பார்த்துச் சுருதியை வை என்ற அறிவு மரபுக்குள்ளேயே இருக்கிறது. அதே அறிவைக் குழந்தைகளின் தொண்டைக்குப் பயன்படுத்தாமல் விடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, வாத்தியங்களுக்கு வருவோம். குரலுக்கு ஏற்ப மற்றவர்கள் நகர்கிற உழைப்பை ரசிகர்கள் அதிகம் பார்ப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், பாடகரின் ஷட்ஜத்தோடு சேர வேண்டும். புள் என்ற மரத்துண்டையும் கல்லையும் வைத்துத் தட்டி, விளிம்பை இறக்கியும் ஏற்றியும் சேர்ப்பார்கள். ஆனால் தோலும் வாரும் ஓரளவுக்குத்தான் இடம் கொடுக்கும். தாழ்ந்த சுருதிக்கு நீளமான மர உடல், உயர்ந்த சுருதிக்குக் குட்டையான மர உடல் வேண்டும். தக்கு சுருதி மிருதங்கம், எச்சு சுருதி மிருதங்கம் என்று இரண்டு வகை இருப்பது இதனால்தான். 24 அங்குலத்துக்கும் 22 அங்குலத்துக்கும் உள்ள அந்த இரண்டு அங்குல வித்தியாசத்தில்தான் ஆண் கச்சேரியும் பெண் கச்சேரியும் பிரிகின்றன. மிருதங்கக்காரர் வீட்டில் உறையிட்ட மிருதங்கங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் ஒரு குரலுக்காகக் காத்திருக்கிறது.

கடத்துக்கு இந்த நெகிழ்ச்சியும் கிடையாது. மானாமதுரைச் சூளையில் வெந்து வெளியே வரும்போதே அதன் சுருதி முடிவாகிவிடுகிறது. கடம் வாசிப்பவர் சுருதிக்கு ஒன்றாகப் பல பானைகளைச் சேர்த்து வைக்க வேண்டும். வாயில் வைத்து வாசிக்கும் மோர்சிங்கும் ஏறக்குறைய அப்படித்தான். அதன் உலோக நாக்கின் நுனியில் துளி மெழுகை ஒட்டினால் கொஞ்சம் இறங்கும், அவ்வளவே. புல்லாங்குழல் நீளம் கூடக் கூடத் தாழும். மெல்லிசை மேடையில் குழல்காரர் பக்கத்தில் நீளமான பையில் இருபது குழல் இருப்பது அதனால்தான். வயலின்காரருக்குப் பிருடை உண்டு. தந்தியைத் தளர்த்தி இறுக்கிச் சமாளிப்பார். ஆனால் ரொம்பத் தளர்த்தினால் நாதம் தொய்ந்துவிடும், தடித்த தந்தி போட வேண்டியிருக்கும். தம்புராவிலேயே ஆண் தம்புரா பெரிது, பெண் தம்புரா சிறிது.

நாகஸ்வரம் நல்ல உதாரணம். பழைய திமிரி நாகஸ்வரம் குட்டை, அதன் சுருதி உயரம். நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கேட்டது அதைவிட நீளமான, தாழ்ந்த சுருதியுள்ள குழல். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கடைந்து கொடுத்த பாரி நாகஸ்வரம் அப்படி நிலைபெற்றது. சுருதி இறங்கியதால் ஊதுகிறவரின் மூச்சு, விரல் இடைவெளி, ஆலாபனையின் நடை எல்லாமே மாறின. வீதியில் தூரத்துக்குக் கேட்பதற்காக இருந்த வாத்தியம், உட்கார்ந்து விஸ்தாரமாகக் கேட்கிற வாத்தியமாகவும் ஆனது.

சுருதியை மாற்றும்போது மெட்டு மாறுவதில்லை. ஆனால் வேறு சிலது மாறுகிறது. பாடகர் 'அரைக் கட்டை இறக்குங்க' என்று கேட்பதைச் சிலர் சோம்பல் என்று நினைக்கிறார்கள். அரைக் கட்டை என்றால் அதிர்வில் சுமார் 6 சதவீதம்தான். ஆனால் ஒவ்வொரு தொண்டையிலும் நெஞ்சுக் குரல் முடிந்து தலைக் குரல் தொடங்குகிற ஒரு வாசல்படி உண்டு. அந்தப் படிக்கு மேலே ஒரு பலம், கீழே ஒரு பலம், படியிலேயே நிற்க நேர்ந்தால் தடுமாற்றம். ஒரு பாட்டின் நீளமான கார்வை (நீட்டி நிற்கும் சுரம்) சரியாக அந்தப் படியில் விழுந்தால், எவ்வளவு சாதகம் செய்தவருக்கும் அது நடுங்கும். சிலர் அந்த இடத்தில் கள்ளக்குரலுக்குப் போய்விடுவார்கள். அரைக் கட்டை இறக்கியதும் அந்தக் கார்வை வாசலுக்கு இந்தப் பக்கம் வந்து நிம்மதியாக உட்காரும்.

இன்னொன்று சொற்கள். 'ஈ' என்ற உயிரொலி நமக்கு 'ஈ' என்று கேட்பதற்குத் தொண்டையும் வாயும் சேர்ந்து சில அதிர்வுகளை வலுப்படுத்திக் கொடுக்கின்றன. அதில் முதலாவது 300 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும். 5 கட்டையில் பாடும் பெண் மேல்ஸ்தாயிப் பஞ்சமத்தில் நிற்கும்போது குரலே 588-இல் இருக்கிறது. வலுப்படுத்த வேண்டிய அதிர்வு குரலுக்கும் கீழே போய்விட்டது! அந்த உயரத்தில் 'ஈ'யையும் 'ஊ'வையும் சுத்தமாகச் சொல்வது உடம்பால் ஆகாத காரியம். வாயைத் திறந்துதான் ஆக வேண்டும், திறந்தால் எல்லாம் 'ஆ' பக்கம் சாயும். 1 கட்டையில் பாடும் ஆணுக்கு அதே பஞ்சமம் 392-தான். அவருக்குச் சொல் கொஞ்சம் கூடுதலாகப் பிழைக்கும். உச்ச ஸ்தாயியில் பெண்கள் சாகித்யத்தை (பாட்டின் சொற்களை) விழுங்குகிறார்கள் என்று குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது உச்சரிப்புக் குறையே ஆகாது. அதே அடியை ஒரு ஸ்தாயி கீழே பாடச் சொல்லிக் கேட்டால் எழுத்துகள் திரும்பி வருவது தெரியும்.

பதிவான பாட்டைச் செயலியில் போட்டுச் சுருதி மாற்றினால் ஏன் பொம்மைக் குரல் போல ஆகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. மனிதர் ஒருவர் சுருதியை ஏற்றிப் பாடும்போது குரல்நாணின் அதிர்வு ஏறும், தொண்டையின் நீளம் அப்படியே இருக்கும். சாதாரணச் செயலி இரண்டையும் சேர்த்து ஏற்றிவிடுகிறது. தொண்டையே சுருங்கிப்போன மாதிரி கேட்கிறது.

ஒரு காலத்தில் ஆண்களும் உயரத்தில்தான் பாடினார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கொட்டகையில் மைக் இல்லை. கடைசி வரிசை வரை கேட்க வேண்டும். உயர்ந்த குரலை நம் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்பதால் உயர்ந்த சுருதி தொழிலுக்கே தேவையாயிற்று. சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு உடைந்த பையனின் நிலைமை பரிதாபம்: நேற்று வரை ராஜபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ போட்டவன் இன்று பாட்டில்லாத வேஷத்துக்குப் போவான். நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) பேர் வாங்கியது அந்த உயர்ந்த சுருதிக் குரலுக்குத்தான். ஆண் அத்தனை உயரத்தில் பாடும்போது பெண்ணோடு ஒரே ஹார்மோனியத்தில் சேர்ந்து பாடுவதும் எளிதாகிவிடுகிறது. மைக் பரவியபின் உரக்கப் பாட வேண்டிய கட்டாயம் போயிற்று, சுருதியும் மெல்ல இறங்கியது. கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் (1923–1984) ஆண்கள் வழக்கமாக வைப்பதைவிடத் தாழ்ந்த சுருதியில், மெதுவான விளம்ப காலத்தில், கீழே உள்ள மந்தர ஸ்தாயியின் அடிவரை போய்ப் பாடினார். கொட்டகைக் காலத்தில் அந்தக் குரல் நாலாவது வரிசையைத் தாண்டியிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய இசைத்தட்டுகளை வைத்து 'அவர் இத்தனை கட்டை' என்று அடித்துச் சொல்பவர்களிடம் ஒரு எச்சரிக்கை. 78 சுற்று என்று பெயர் இருந்தாலும் எல்லாத் தட்டும் அந்த வேகத்தில் பதிவாகவில்லை. 80-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் கால் கட்டை அளவுக்குச் சுருதி இறங்கிக் கேட்கும். வேகம் சரியாகத் தெரியாமல் கட்டையைச் சொல்ல முடியாது.

ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிற இடத்தில் சிக்கல் முழுசாக வெளியே வரும். கச்சேரி மேடையில் ஆலத்தூர் சகோதரர்கள், பம்பாய் சகோதரிகள், ராதா–ஜெயலட்சுமி என்று ஒரே பாலினத்து ஜோடிகளே அதிகம் இருந்ததற்குக் குடும்பம், சமூகம் என்று பல காரணம் இருக்கலாம். சுருதி அதில் ஒன்று. 1 கட்டை ஆணோடு 5 கட்டைப் பெண் சேர வேண்டுமென்றால், அவள் தன் ஷட்ஜத்திலிருந்து மத்தியமம் அளவுக்கு ஏற வேண்டும், அல்லது பஞ்சமம் அளவுக்கு இறங்க வேண்டும். இரண்டும் பெரிய தூரம். நடுவில் 3, 4 என்று வைத்தால் இருவரும் கொஞ்சம் கொஞ்சம் சிரமப்படுவார்கள். சினிமாவில் டி.எம். சௌந்தரராஜன்–பி. சுசீலா, எஸ்.பி. பாலசுப்ரமணியம்–எஸ். ஜானகி என்று ஜோடிப் பாட்டு கொழித்ததற்கு, இசையமைப்பாளர் குரல்களை முன்பே கணக்கில் வைத்துச் சுருதியையும் மெட்டின் வீச்சையும் அளந்து போட முடிந்ததும் ஒரு காரணம். அந்த அளவு அந்த இரண்டு தொண்டைக்கானது. கல்யாண மேடையில் வேறு இருவர் அதே சுருதியில் பாடும்போது சரணத்தில் ஒருவர் மூச்சு முட்டுவது அவர்கள் குற்றமாகாது. கீபோர்டில் பொத்தானை அழுத்தினால் மாறிவிடும், கிடாரில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேபோவை நகர்த்தினால் போதும். குழல்காரர் வேறு குழலை எடுக்க வேண்டும், தபலாக்காரர் சுத்தியலை எடுக்க வேண்டும். இதற்குத் தயங்கிப் பாடகரை வதைப்பது எனக்குப் புரியவே இல்லை.

வகுப்புக்குத் திரும்புகிறேன். ஆண் ஆசிரியர் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, அவர்களுடைய 5 கட்டையில் மேலேயும் பாட முடியாது, ஒரு ஸ்தாயி கீழேயும் முழுசாகப் பாட முடியாது. நல்ல ஆசிரியர்கள் ஸ்தாயியை மாற்றி மாற்றி, அங்கங்கே தொட்டுக் காட்டிவிட்டு, மீதியைப் பிள்ளையின் காதுக்கு விட்டுவிடுவார்கள். சிலர் தங்கள் சுருதிக்கே பிள்ளைகளை இழுப்பார்கள். 20 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு சுருதி வைக்க முடியாதுதான். ஆனால் இரண்டு குழுவாகப் பிரிக்கலாம். குரல் உடைகிற பையனை மட்டும் ஐந்து நிமிஷம் தனியாக உட்காரவைத்து, மாதா மாதம் எங்கே இறங்கியிருக்கிறான் என்று பார்க்கலாம்.

பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கீழ்ப் பஞ்சமத்தில் நின்றால் தம்புரா சத்தத்துக்கு மேல் குரல் கேட்க வேண்டும். மேல் காந்தாரத்தில் நிற்க முடிய வேண்டும், மேல் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு வர முடிய வேண்டும். இரண்டும் நடக்கிற இடம் அந்தத் தொண்டையின் சுருதி. ஆரம்பப் பாடமான சரளி வரிசை ஒரு ஸ்தாயிக்குள் முடிந்துவிடுவதால் அதை மட்டும் பாடவைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். மேல்ஸ்தாயி வரிசை பாடவைத்துப் பார்க்க வேண்டும். தூங்கி எழுந்த குரல் தாழ்ந்திருக்கும், அதை நம்பிச் சுருதி வைத்தால் சாயங்காலம் ஒத்துவராது.

ஒருதரம் வைத்த சுருதி ஆயுசுக்கும் நிற்பதில்லை. ஐம்பது, அறுபது வயதில் பெண் குரல்கள் பெரும்பாலும் இறங்குகின்றன. 5½ கட்டைக்காரர் 5-க்கு வருவார், சில வருஷத்தில் 4½. ரசிகர்களுக்கு இது உடனே தெரியாது, ஏணி அப்படியே இருப்பதால் மோகனம் மோகனமாகவே கேட்கும். பக்கவாத்தியக்காரருக்குத்தான் முதலில் தெரியும். கச்சேரிக்கு நாலு நாள் முன்னால் போன் செய்து அவர் கேட்கிற முதல் கேள்வி, என்ன சுருதி என்பது.

"நாலரை வச்சிருக்கேன்."

"சரிம்மா, அதுக்குத் தகுந்ததைக் கொண்டுவரேன்."